பெரட்டுக்களத்தில் இன்னும் இருபத்து மூன்று பேர்

மடுல்சீமைக்கு ஏறும் பாதையைப் போட்டவன் கையில் கிடைத்திருந்தால் ஜெனீரா அவனை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பாள். பசறையைத் தாண்டியதிலிருந்து ஜீப் குதித்துக்கொண்டே போனது. அவள் மடியில் ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள், உம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றிய எட்டு பிளாப்பித் தட்டுகள். ஒரு தட்டு வளைந்தாலும் வந்த காரியம் கெட்டுவிடும் என்று டின்னை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"மகள், அத பின்னுக்கு வைங்களேன். கை நோகும்," என்றார் டிரைவர் ஜுனைதீன்.

"நானா, நீங்க ரோட்டப் பாருங்க. டின்ன நான் பாத்துக்கிறேன்."

அண்ணன் முறையில் அவள் நானா என்றழைக்கும் ஜுனைதீன் சிரித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். பதுளை அலுவலகத்தில் ஜெனீராவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு மார்ச் மாதம். அந்த அலுவலகத்தின் கீழ் பத்துத் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வாழ்கிற ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், குடியிருக்கும் லயத்து வீட்டுவரிசை நம்பர், குடும்பம் தோட்டத்துக்கு வந்த வருஷம், எல்லாவற்றையும் இரண்டு கம்பியூட்டர்களில் பதிந்து வைத்திருந்தார்கள். ஒன்று பதுளையில், மற்றது வெள்ளோடைத் தோட்டத்தில். காகிதப் பேரேடுகளில் பாதி கறையானுக்கும் மீதி கலவரத் தீக்கும் போய்ச் சேர்ந்த பிறகு இந்த இரண்டு மெஷின்தான் மிச்சம். போன சனிக்கிழமை இடி விழுந்து பதுளை மெஷின் கருகிப் போனது. கொழும்பிலிருந்து புது மெஷின் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு பெயர்கூடக் கிடையாது.

வெள்ளிக்கிழமை பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரஜாவுரிமை விசாரணை. தாய் தகப்பன் பெயர் தோட்டப் பதிவில் இருக்கிறது என்று அச்சடித்த தாளைக் காட்டினால்தான் பத்திரம். காட்டாதவர் இந்த மலையில் பிறந்து இந்த மலையில் செத்தாலும் வெளியாள். இன்று புதன். வெள்ளோடையில் இருக்கும் கோப்புகளை அப்படியே பிளாப்பியில் எடுத்து, நாளை காலை புது மெஷினில் ஏற்றி, அச்சடித்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். அரை நாள் வேலை.

ஒன்றரை மணிக்கு ஜீப் வெள்ளோடை பங்களாவுக்கு முன் நின்றது. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களா அது. இப்போது தோட்ட அலுவலகம். வெயில் நன்றாகவே அடித்தது. பூச்சட்டிகளில் செவ்வந்தி பூத்திருந்தது. படியோரத்தில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். ஜீப்பைக் கண்டதும் தலைத்துணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"சலாங்க மிஸ். நான் லெட்சுமிங்க. சோலமுத்து மக. எங்க அப்பா அம்மா பேரு அந்தப் பொட்டியில இருக்கானு பாத்துச் சொல்றீங்களா?"

"ஏன், இல்லாம எங்க போகும்?"

"இல்லைங்கிறாங்க மிஸ். தோட்டத்த விட்டுப் போயிட்டாங்கனு எழுதியிருக்காம். எங்க போனாங்க? ஏழாம் நம்பர் லயத்து மேல மண்ணு சரிஞ்சப்ப உள்ளுக்குத்தான இருந்தாங்க. நான் புள்ள பெக்கப் பதுளை ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன். அதான் தப்பிச்சேன். இன்னும் பொணங்கூட எடுக்கல."

அதற்குள் வாசலுக்கு வந்த கிளாக்கர் இராசையா, "லெட்சுமி, மிஸ்ஸுக்கு வேலை இருக்கு. நீ போம்மா," என்றார். அதட்டல் மாதிரி ஆரம்பித்த குரல் கெஞ்சலாக முடிந்தது. லெட்சுமி போகவில்லை. அதே படியில் உட்கார்ந்துகொண்டாள். ஜெனீராவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

இராசையா ஐம்பது வயதைக் கடந்தவர், தோட்டத்திலேயே வளர்ந்தவர். மெஷின் இருந்த மூலையறையைத் திறந்துவிட்டுத் தான் மட்டும் வெளியே நின்றார்.

"மிஸ், பெக்டரி தண்ணிச் சக்கரத்துலருந்துதான் இங்க கரண்ட் வருது. நாலு மணிக்கு நிப்பாட்டிருவாங்க. அதுக்கு முன்னுக்கு முடிச்சிருங்க."

"நாலு மணி வரைக்கும் எனக்கு என்னத்துக்கு? ஒரு மணித்தியாலம் போதும்."

"அதோட அந்த ஜன்னலத் தொறக்காதீங்க. பனி எறங்கினா அந்தப் பக்கம் பாக்கவும் வேணாம்."

ஜெனீரா நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே சதுரமாக வெட்டிச் சமப்படுத்திய ஒரு மைதானம். பெரட்டுக்களம். விடியலில் தப்பு அடித்ததும் தொழிலாளர் வந்து நிற்க, கங்காணி பேர் வாசித்து அன்றைய வேலைக்கு அனுப்புகிற இடம். இப்போது ஒருவரும் இல்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதன் நடுவே அங்கங்கே மட்டும் மண் மொட்டையாகத் தெரிந்தது.

"பெரட்ட பெக்டரி வாசலுக்கு மாத்திட்டோம் மிஸ்," என்றார் இராசையா. "ரெண்டு வருஷமாச்சு."

அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் உயிர் பெற்றுப் பச்சை எழுத்தைக் காட்டியது. ஜெனீரா முதலில் எத்தனை பெயர் இருக்கிறது என்று கேட்டாள். எட்டாயிரத்து நூற்றுப் பதினான்கு என்றது. பிறகு பட்டியலைப் போடச் சொன்னாள். கடைசி வரியில் நின்ற எண் எட்டாயிரத்துத் தொண்ணூற்றொன்று.

இருபத்து மூன்று பெயர் குறைகிறது.

மற்ற யாராவது இருந்தால் தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டைப் போட்டிருப்பார்கள். ஜெனீராவுக்கு அது முடியாது. ஒரு பெயர் குறைந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த மெஷினின் குணமும் அவளுக்குத் தெரியும். அதில் ஒரு பெயரை அழித்தால் அது உடனே அழிந்துவிடாது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பட்டியலில் வராது, அச்சில் வராது. ஆனாலும் கோப்புக்குள் அதே இடத்தில் இருக்கும். இரண்டாவதாக ஒரு கட்டளை கொடுத்துக் கோப்பை இறுக்கினால்தான் ஒரேயடியாகப் போகும்.

"ஐயா, யார் இந்த இருபத்து மூணு பேர அழிச்சது?"

வாசலில் நின்ற இராசையா சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"நான்தான் மிஸ்."

"அழிச்சிட்டு ஏன் கோப்ப இறுக்கல்ல?"

"இறுக்கினேன். மூணு தரம் இறுக்கினேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஒவ்வொரு தரமும் மறுநாள் காலைல எண்ணிப் பாத்தா அதே எட்டாயிரத்து நூத்திப் பதினாலுதான் இருக்கு."

ஜெனீரா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் குடித்தவர் மாதிரித் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. ஏழாம் லயத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது, மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று சோதனைக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியும் அன்று தோட்டத்தை நிர்வகித்த துரை யாரையும் மாற்றவில்லை. அடைமழையில் மலை இறங்கிய மறுநாள், துரை இராசையாவைக் கூப்பிட்டு, அந்த இருபத்து மூன்று பேரும் போன வாரமே தோட்டத்தை விட்டுப் போனதாகப் பதியச் சொன்னார். துரை பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். பதிவு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

"நீங்களும் பதிஞ்சீங்க," என்றாள் ஜெனீரா.

"எனக்கு நாலு பொம்பளப் புள்ளைங்க மிஸ்."

அவள் ஏதோ சூடாகச் சொல்ல வாயெடுத்தபோது கூடத்தில் தொலைபேசி அடித்தது. பதுளையிலிருந்து அலுவலக அதிபர் இத்ரூஸ்.

"ஜெனீரா, அதில ஏதோ பழைய குப்பை ஈக்கியாம். அத இங்க கொண்டு வர வேணாம். உயிரோட ஈக்கிற பேர மட்டும் எடுங்க. வெளங்கினா?"

"வெளங்கின சேர்."

விளங்கியது என்றுதான் சொன்னாள், சரி என்று சொல்லவில்லை. ஆனாலும் அறைக்குத் திரும்பி அவர் சொன்னபடியே செய்தாள். குறி விழுந்ததை விட்டுவிட்டு மற்றப் பெயர்களை மட்டும் தட்டுகளில் எழுதும் கட்டளையைக் கொடுத்தாள். நேரம் இரண்டே முக்கால். வேலைக்குப் பயப்படாத பெண்தான், ஆனால் அவளுக்கும் மாதச் சம்பளம் வேண்டும். வாப்பாவின் கடை படுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பிளாப்பி கரகரவென்று சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. தட்டு மாற்றி மாற்றிப் போட்டாள். முடிந்ததும் தட்டில் எத்தனை பெயர் என்று கேட்டாள்.

எட்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.

தட்டுகளில் ஏறியதை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

எட்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.

அப்போதுதான் அறை குளிர்ந்துவிட்டதை உணர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியிருந்தது. பகல் மூன்று மணிக்குக் களத்தின் எதிர்க்கரை தெரியவில்லை. பனியோடு ஒரு வாசமும் உள்ளே வந்தது. கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து வருமே, அந்தப் பச்சை மண்ணின் வாசம். அதில் மண்ணெண்ணெயும் கலந்திருந்தது.

ஜெனீராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நகலெடுத்தது சரிதானா என்று பார்க்கும்போது பெயரை வாய்விட்டு வாசிப்பாள். கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது என்பாள். அலுவலகத்தில் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்வார்கள். தட்டில் வந்துவிட்ட அந்த இருபத்து மூன்று பேர் யார்தான் என்று பார்க்க, குறி விழுந்த வரிகளை மட்டும் திரைக்கு அழைத்தாள். முதல் வரியில் விரலை வைத்து வாசித்தாள்.

"முத்துக்கறுப்பன். ஏழாம் லயம்."

"இருக்கேங்க."

ஆண் குரல். ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது.

யாரோ களத்தில் நிற்கிறார்கள் என்று அவள் எட்டிப் பார்த்தாள். பனிதான் இருந்தது. இராசையா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "வாசிக்காதீங்க மிஸ்," என்று மெல்ல முனகினார்.

சோதித்துப் பார்ப்பதற்காக அவள் முதல் பட்டியலில் பார்த்த, உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரைச் சொன்னாள். வெளியே சத்தமில்லை. குறி விழுந்த இரண்டாவது வரிக்கு வந்தாள்.

"செவனம்மா. ஏழாம் லயம்."

"இருக்கேங்க."

பெண் குரல். ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட.

மறைப்பானேன், ஜெனீராவுக்கு நன்றாகவே பயம் வந்தது. சின்ன வயதில் உம்மா சொல்லிக்கொடுத்த ஓதலை ஓதினாள். ஓதி முடிந்தபோது பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்ததை அவள் கண்டுகொண்டாள். கோபம். செத்தவர்கள் மேல் அல்ல.

மூன்றாவது பெயரை வாசித்தாள். நாலாவதை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கிழட்டுக் குரல், இளம் குரல், சளி கட்டிய குரல். ஒன்பதாவது வரியில் பெயர் இல்லை. "பெண் குழந்தை, மூன்று மாதம், பெயர் வைக்கவில்லை" என்று மட்டும் இருந்தது. அவள் அதை அப்படியே வாசித்தாள்.

அடுத்த வரிக்குப் போக விரலை நகர்த்தினாள்.

"புள்ள இங்கதான் இருக்குங்க," என்றாள் செவனம்மா. "என் கையில."

ஜெனீராவின் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஐயா, இவங்க என்னத்துக்கு நிக்கிறாங்க?" என்றாள்.

கதவில் லெட்சுமி நின்றிருந்தாள். வெறுங்காலோடு, தலைத்துணியை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"பேரு வாசிக்காம விட்டா எங்காளுங்க களத்த விட்டுப் போகமாட்டாங்க மிஸ்," என்றாள் அவள். "பேரு விழலைனா அன்னிக்கி வேலை இல்லைனு ஆயிருமில்ல. அதுனால பேரச் சொல்லுற வரைக்கும் அங்கனயே நிப்போம். மழை பேஞ்சாலும் நிப்போம். கங்காணி ஏசினாலும் நிப்போம். எங்கப்பா ஒரு தடவை பொழுது சாயுற வரைக்கும் நின்னாரு." அவள் ஜன்னலை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். "அவரு பேர வாசிங்க மிஸ்."

"சோலைமுத்து. ஏழாம் லயம்."

"இருக்கேங்க."

லெட்சுமி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுவாள் என்று ஜெனீரா நினைத்தாள். அவள் அழவில்லை.

"அம்மா பேரையும்."

"அங்கம்மா. ஏழாம் லயம்."

"இருக்கேங்க."

"கேட்டீங்களா கிளாக்கர் ஐயா?" லெட்சுமி திரும்பாமலே கேட்டாள். "தோட்டத்த விட்டு எங்கயும் போகலயாம்."

மீதிப் பெயர்களையும் ஜெனீரா வாசித்து முடித்தாள். இருபத்து மூன்றும் சரி. நேரம் மூன்று இருபத்தைந்து. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அழித்த குறியை எடுத்துவிடும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டினாள். இருபத்து மூன்று நட்சத்திரமும் ஒரே அடியில் மறைந்தன. பட்டியலின் கடைசி எண் எட்டாயிரத்து நூற்றுப் பதினான்கு ஆனது. இந்தத் தடவை பொறுக்கி எடுக்கவில்லை. பெயர்க் கோப்பு, அதன் வரிசைக் கோப்பு இரண்டையும் முழுசாக, மெஷினில் இருக்கிறபடியே தட்டுகளுக்கு இழுத்தாள்.

"மிஸ், இத்ரூஸ் ஐயா ஒங்க வேலைய எடுத்துருவாரு," என்றார் இராசையா.

"எடுக்கட்டும். பெறகு பேர் வாசிக்கிற வரைக்கும் நானும் அவருட வாசல்ல நிக்கிறேன்."

கடைசித் தட்டு வெளியே வந்த நேரம் பெக்டரியில் சக்கரம் நின்றது. திரை அணைந்தது. அரை இருட்டில் ஜெனீரா ஜன்னலுக்குப் போய்ப் பனிக்குள் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"எல்லாருட பேரும் விழுந்திட்டு. இனிப் போகலாம்."

களத்தில் புல் அசைந்தது. பலர் ஒரே நேரத்தில் நகரும் சத்தம். அது மலைப்பக்கம் போகவில்லை. பங்களாவைச் சுற்றிக்கொண்டு, ஜீப் நின்ற பக்கம் வந்தது.

இறக்கத்தில் ஜுனைதீன் பத்து நிமிஷம் ஓட்டினார். பிறகு மெதுவாக, "மகள், வண்டிக்குள்ள என்னத்த ஏத்தினீங்க?" என்றார்.

"எட்டுத் தட்டு, நானா."

"பின் டயர் ரெண்டும் நசிஞ்சீக்கி. கொழுந்து மூட்டை அடுக்கின மாதிரி இழுக்குது." அவர் பின்கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு பதுளை வரை அதில் பார்க்கவே இல்லை. ஜீப் முழுக்கப் பச்சை மண் வாசம். ஜெனீரா டின்னைக் கட்டிப்பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல், ஒருமுறை மட்டும் சொன்னாள்.

"புள்ளையக் கவனமாப் பிடிங்க. ரோட்டு மோசம்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புது மெஷினில் கோப்புகள் ஏறி முடிந்தன. இத்ரூஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று எண்ணைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஜெனீரா நேற்றுவரை நினைத்திருந்தாள்.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சீக்கி? அந்த இருபத்து மூணையும் அழிங்க."

"எனக்கு ஏலா சேர். அவங்க ஊட்டுப் புள்ளைகள் பதினேழு பேர் நாளைக்கிக் கச்சேரிக்கி வாறாங்க. தாய் தகப்பன் பேர் இல்லாட்டி அவங்களுக்கு நாடே இல்ல."

"இது ஒங்கட வேலை."

"அப்ப வேலைய எடுங்க. அழிக்கிறதுண்டா நீங்களே அழிங்க. கதிரைய விடுறேன்."

அவள் எழுந்து நின்றாள். அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. இத்ரூஸ் உட்கார்ந்து, ஏழாம் லயத்து வரிகளை வரவழைத்து, ஒவ்வொன்றாக அழித்து, கோப்பையும் இறுக்கினார். எண்ணைப் பார்த்தார். எட்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. மறுபடி செய்தார். அதே எண். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் அவர் நெற்றி வியர்த்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு ஈக்கி."

"ஈக்கலாம் சேர். ஒரு பேர வாசிச்சுப் பாருங்களேன்," என்றாள் ஜெனீரா.

எரிச்சலில் அவர் வாசித்தார். "முத்துக்கறுப்பன்."

"இருக்கேங்க."

அவர் காதுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில்.

அலுவலகத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேருக்கும் கேட்டது. இத்ரூஸ் எழுந்தார். நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல ஒதுங்கி, பக்கவாட்டில் நடந்து தன் அறைக்குப் போனார். பின்னேரம் அச்சடித்த தாள்கள் அவர் மேசைக்குப் போயின. ஒரு தாள் விடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை கச்சேரி மண்டபம் நிறைந்துவிட்டது. ஹாலிஎல பக்கத்திலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் லொறி பிடித்து வந்திருந்தார்கள். முன் வாங்குகளில் இடமில்லாமல் சுவரோரமும் நின்றார்கள். கடைசியிலிருந்த நீள வாங்குகள் மூன்று மட்டும் காலி. உட்காரப் போனவர்கள் குளிருது என்று எழுந்து வந்துவிட்டார்கள். ஜெனீரா கையில் மேலதிகப் பிரதிகளோடு ஓரமாக நின்றாள். வேலை இன்னும் போகவில்லை. போகும் என்றுதான் நினைத்தாள். அதற்காக அவள் வராமல் இருப்பாளா?

பேர் வாசிக்க உட்கார்ந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த கிளாக்கர். கண்ணாடி தடித்தது, தாளைவிட்டுத் தலை நிமிராதவர். வெள்ளோடைத் தாள் கைக்கு வந்ததும் விண்ணப்பதாரர் யார், பெற்றார் யார் என்று பிரித்துப் பார்க்காமல், மேலிருந்து கீழே அத்தனை பெயரையும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"லெட்சுமி."

"இருக்கேங்க," என்றாள் லெட்சுமி, முன் வரிசையிலிருந்து.

"சோலைமுத்து."

ஜெனீரா வாயைத் திறந்து அவரைத் திருத்தப் போனாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"இருக்கேங்க," என்றது கடைசி வாங்கு.

கிளாக்கர் சரி அடையாளம் போட்டார்.

"அங்கம்மா."

"இருக்கேங்க."

இன்னொரு சரி. அவர் வாசித்துக்கொண்டே போனார். முத்துக்கறுப்பன். செவனம்மா. பெயர் வைக்காத குழந்தை. பதில் வர வர அடையாளம் போட்டார். வெள்ளோடைச் சனம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார்கள். இருபத்து மூன்றாவது அடையாளமும் விழுந்தது. விசாரணை அதிகாரி தாளை வாங்கிப் பார்த்து, அடியில் முத்திரை குத்தினார்.

"வெள்ளோடை ஆக்கள் எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார் கிளாக்கர்.

"ஆமாங்க," என்றாள் லெட்சுமி. "ஒருத்தர் விடாம வந்துட்டாங்க."

அப்போதுதான் அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திக் கடைசி வாங்குகளைப் பார்த்தார். பேனை கையிலிருந்து உருண்டு மேசைக்கடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை.

மண்டபம் காலியான பிறகு ஜெனீரா பின்னால் போய்ப் பார்த்தாள். மெழுகிய சீமெந்துத் தரையில், வாங்குகளுக்கு முன்னால், ஈர மண்ணில் பதிந்த வெறுங்கால் தடங்கள் இருந்தன. கூட்டுகிறவர் இரண்டு தடவை துடைத்தும் ஊறி வருகிறது என்று முணுமுணுத்தார். தடங்களின் விரல்கள் எல்லாமே மேசைப் பக்கம் பார்த்திருந்தன. வாசல் பக்கம் திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை.

பழக்க தோஷத்தில் அவள் எண்ணினாள். இருபத்திரண்டு சோடி. ஒன்று குறைகிறதே என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதே இருபத்திரண்டு.

பிறகுதான் நினைவு வந்தது. ஒரு பிள்ளை கையில் இருக்கிறது.